சிவதாபுரத்துச் சகோதரியின் கேள்வி: வீட்டில் மூவர், எந்தப் புத்தகம்?

வணக்கம். சென்ற வாரக் காணொளிக்குப் பிறகு வந்த கேள்விகளுள் ஒன்றை மட்டும் இன்றைக்கு எடுத்துக்கொள்கிறேன். அதற்கே நேரம் சரியாக இருக்கும். சேலம் சிவதாபுரத்திலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார்: “ஐயா, திருமணத்துக்குப் பிறகு பதினைந்து ஆண்டுகளாக நான் ஒரு புத்தகத்தையும் முழுதாகப் படித்ததில்லை. என் கணவர் கொலுசுப் பட்டறைக்குச் செல்கிறார். மகள் எட்டாம் வகுப்பில் படிக்கிறாள். படிக்க வேண்டிய நூறு புத்தகங்கள் என்று ஆளுக்கொரு பட்டியல் தருகிறார்கள். பார்த்தாலே மலைப்பாக இருக்கிறது. உங்களுக்கு மிகவும் பிடித்த புத்தகம் எது? எங்கள் மூவருக்கும் எதைச் சொல்வீர்கள்?”

அம்மா, கிளை நூலகங்களில் இருபத்தாறு ஆண்டுகள் நூலகராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். இந்தக் கேள்வியை மேசைக்கு எதிரே நின்று எத்தனையோ பேர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். பணியில் சேர்ந்த புதிதில் நானும் பட்டியல்தான் சொன்னேன். கேட்டவர்கள் தலையாட்டிவிட்டுச் சென்றார்கள். அந்தப் புத்தகங்களோ அலமாரியில் இருந்த இடத்திலேயே இருந்தன. இன்ன மனிதருக்கு இன்ன புத்தகம் என்று நினைத்து, அதை எடுத்து அவர் கையில் கொடுத்து, அடுத்த முறை வரும்போது அதைப் பற்றி இரண்டு வார்த்தை பேசினால்தான் பரிந்துரை என்பது பரிந்துரையாகிறது என்று பிறகு தெரிந்துகொண்டேன். இதை எனக்குக் கற்றுக் கொடுத்த புத்தகமே எனக்கு மிகவும் பிடித்த புத்தகமும் ஆகும். அது உ. வே. சாமிநாதையர் எழுதிய ‘என் சரித்திரம்’.

அதில் நம் சேலத்துக்காரர் ஒருவர் வருகிறார். 1880-ஆம் ஆண்டு அக்டோபர் 21-ஆம் நாள், வியாழக்கிழமை. உ. வே. சா. அப்போது கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராகச் சேர்ந்து சில மாதங்களே ஆகியிருந்தன, வயது இருபத்தைந்து. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் ஆண்டுக்கணக்கில் பாடம் கேட்டவர் என்ற பெருமை அவருக்கு இருந்தது. அந்த ஊருக்கு முன்சீப்பாக, அதாவது உரிமையியல் நீதிபதியாக, மாற்றலாகி வந்திருந்த சேலம் இராமசுவாமி முதலியாரைப் பார்க்க அவர் போகிறார். முதலியார் என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்று கேட்கிறார். இவர் அந்தாதி, கலம்பகம், பிள்ளைத்தமிழ், உலா, கோவை என்று அடுக்கிக்கொண்டே போகிறார். கேட்பவர் முகத்தில் ஒரு மலர்ச்சியும் இல்லை. புராணங்களைச் சொல்கிறார், இலக்கண நூல்களைச் சொல்கிறார், அப்போதும் இல்லை. கடைசியில் முதலியார், இவற்றையெல்லாம் படித்து என்ன பயன் என்று கேட்டுவிட்டு, இவற்றுக்கெல்லாம் முந்திய சீவக சிந்தாமணியைப் படித்ததுண்டா, சிலப்பதிகாரத்தைப் படித்ததுண்டா, மணிமேகலையைப் படித்ததுண்டா என்கிறார். அவற்றைத் தாமும் படித்ததில்லை, தம் ஆசிரியரும் படித்ததில்லை, புத்தகமே கிடைக்கவில்லை என்று உ. வே. சா. உள்ளபடி சொல்கிறார்.

இந்த இடத்தில்தான், அம்மா, நான் ஒவ்வொரு முறையும் நின்றுவிடுவேன். முதலியார் அந்தக் கேள்வியோடு விட்டிருந்தால் அது ஒரு படித்தவர் இன்னொரு படித்தவரை மட்டம் தட்டிய கதையாகத்தான் இருந்திருக்கும். அவர் தம்மிடம் இருந்த சிந்தாமணிக் கைப்பிரதியைக் கொண்டுவந்து கொடுக்கிறார். படித்துப் பாருங்கள் என்று அனுப்பிவிடவும் இல்லை. தமக்குப் பாடம் சொல்லும்படி கேட்டு, உடன் உட்கார்ந்து படிக்கிறார். இருவருக்குமே புரியாத இடங்கள் வருகின்றன. சிந்தாமணி சமண காவியம் என்பதால், கும்பகோணத்தில் வாழ்ந்த சமணர்களின் வீட்டை விசாரித்துக்கொண்டு உ. வே. சா. போகிறார். அங்கே வாசலில் மாக்கோலமும் தோரணமும் காணப்படுகின்றன. என்ன விசேஷம் என்று கேட்டால், அந்த வீட்டில் சிந்தாமணி படித்து வந்தார்கள், அது பூர்த்தியான நாள் அது என்கிறார்கள். தமிழ்ப் புலவர் உலகம் மறந்துபோன ஒரு நூலை ஒரு வீட்டார் படித்து முடித்துத் தோரணம் கட்டியிருக்கிறார்கள்! 1887-இல் சிந்தாமணி அச்சில் வந்தது. தொடர்ந்து 1889-இல் பத்துப்பாட்டு, 1892-இல் சிலப்பதிகாரம், 1894-இல் புறநானூறு, 1898-இல் மணிமேகலை என்று அவர் பதிப்பித்தவற்றை நாம் இன்று பள்ளிப் பாடத்திலேயே படிக்கிறோம். உ. வே. சா. அந்த வேலைக்குள் இறங்குவதற்கு, ஒரு சேலத்துக்காரர் ஒருவருக்கு ஒரு புத்தகத்தைப் பரிந்துரைத்தது தொடக்கமாக இருந்திருக்கிறது.

‘என் சரித்திரம்’ ஆனந்த விகடனில் 1940 முதல் 1942 வரை தொடராக வந்து, ஆசிரியர் மறைந்ததால் 122-ஆம் அத்தியாயத்தோடு நின்றுபோனது, 1950-இல் நூலானது. தடித்த புத்தகம் என்று நீங்கள் அஞ்ச வேண்டாம். வாரந்தோறும் வாசகர்கள் காத்திருந்து படித்த தொடர் என்பதால் ஒவ்வோர் அத்தியாயமும் சில பக்கங்களில் முடிந்துவிடும்; இரவில் அடுப்படி வேலை முடிந்த பிறகு ஒன்று என்று வைத்துக்கொள்ளலாம். முதலிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. கும்பகோணத்தில் முதலியாரைச் சந்திக்கும் பகுதியை முதலில் படியுங்கள்; பிடித்திருந்தால் தொடக்கத்தில் வரும் அவருடைய சொந்த ஊரான உத்தமதானபுரத்துக்குத் திரும்புங்கள். இது உங்களுக்கு, அம்மா.

உங்கள் கணவருக்கு நான் சொல்வது ஒரே ஒரு சிறுகதை. பட்டறையில் காலையிலிருந்து குனிந்து உட்கார்ந்து பொடி வைத்துப் பற்றவைக்கிறவருக்கு, வீட்டுக்கு வந்தபின் சின்ன எழுத்தைப் பார்க்கக் கண் ஒத்துழைக்காது. எங்கள் நூலகத்துக்கு வந்துகொண்டிருந்த கொலுசு வேலைக்காரர்கள் பலர் இதைச் சொல்லியிருக்கிறார்கள். ஆகவே நீங்கள் வாய்விட்டுப் படியுங்கள், அவர் கேட்கட்டும். கதை கு. அழகிரிசாமியின் ‘அன்பளிப்பு’. இந்தப் பெயர் கொண்ட தொகுப்புக்குத்தான் 1970-இல் அவருக்குச் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. பத்திரிகை அலுவலகத்தில் வேலை செய்யும் ஒருவர். அவர் வீட்டுக்கு ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் வந்து புத்தகம் கேட்டு மொய்ப்பார்கள். அவரும் வயது பார்க்காமல் அவர்களோடு சிநேகிதம் கொண்டாடுவார். ஒரு புத்தாண்டில் இரண்டு பிள்ளைகளுக்கு டைரி கொடுக்கிறார். சாரங்கன் என்ற பையனுக்குக் கொடுக்கவில்லை. வேண்டுமென்று செய்ததும் அல்ல. அதன் பிறகு அந்தப் பையன் என்ன செய்கிறான் என்பதை நான் சொல்லப் போவதில்லை. கடைசிப் பக்கத்தைப் படிக்கும்போது உங்கள் குரல் கம்மும். கொஞ்சம் நிறுத்திவிட்டுப் படியுங்கள். நூலகத்தில் பிள்ளைகளுக்குப் புத்தகம் எடுத்துக் கொடுக்கும்போது, ஓரமாக நிற்கும் பிள்ளையின் பெயரையும் கேட்கும் வழக்கம் எனக்கு இந்தக் கதையைப் படித்த பிறகே வந்தது.

அதுவே அவருக்குப் பிடித்து, இன்னும் வேண்டும் என்று கேட்டால், பெருமாள்முருகனின் ‘கூளமாதாரி’யைக் கொடுங்கள். பண்ணையக்காரர் வீட்டில் ஆடு மேய்க்க விடப்பட்ட ஒரு சிறுவனின் கதை அது. அவர் திருச்செங்கோட்டுப் பக்கத்துக்காரர். 1997-இல் நாமக்கல் மாவட்டம் பிரியும் வரை அதுவும் நம் சேலம் மாவட்டம்தான். மேட்டுக்காடு, கிணறு, பனைமரம், வெள்ளாடு, பேச்சு எல்லாம் நம் பக்கத்தவை. அகராதி தேட வேண்டியிருக்காது.

இங்கே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ‘பொன்னியின் செல்வ’னை ஏன் சொல்லவில்லை என்று பலர் கேட்பீர்கள். அதை விரும்பாதவன் அல்லன் நான். ஆனால் அது ஐந்து பாகம். நூலகத்தில் முதல் பாகம் இருக்கும். ஆவலோடு முடித்துவிட்டு வந்தால் இரண்டாம் பாகம் வேறொருவர் வீட்டில் இருக்கும். அது திரும்பி வருவதற்குள் படிக்கும் வேகம் அடங்கிவிடும். பதினைந்து ஆண்டு இடைவெளிக்குப் பிறகு தொடங்குகிறவருக்கு அந்த ஏமாற்றம் வேண்டாம். ஐந்து பாகமும் ஒன்றாகக் கையில் இருந்தால் தாராளமாகத் தொடங்குங்கள்.

மகளுக்கு ‘டோட்டோ-சான்: ஜன்னலில் ஒரு சிறுமி’. ஜப்பானியப் புத்தகம், தமிழில் நேஷனல் புக் டிரஸ்ட் வெளியிட்டது. ஒன்றாம் வகுப்பிலேயே பள்ளியிலிருந்து விலக்கப்பட்ட ஒரு சிறுமி, பழைய ரயில் பெட்டிகளை வகுப்பறைகளாகக் கொண்ட இன்னொரு பள்ளிக்குப் போகிறாள். முதல் நாள் அந்தத் தலைமையாசிரியர் அவளை எதிரில் உட்கார வைத்து, உன் விருப்பப்படி என்ன வேண்டுமானாலும் சொல் என்கிறார். அவள் நான்கு மணி நேரம் பேசுகிறாள், அவர் ஒரு முறைகூடச் சலிப்புக் காட்டாமல் கேட்கிறார். கதாசிரியர் தெத்சுகோ குரோயாநாகியின் சொந்த இளமைக்காலமே இது. உங்கள் மகள் படித்த பிறகு நீங்களும் படியுங்கள். அந்த நான்கு மணி நேரம் பெற்றோருக்கும் உரியது.

இன்னொரு புத்தகத்தைச் சொல்லாமல் முடிக்க எனக்கு மனம் வரவில்லை. இது நான் பரிந்துரைத்தது அன்று, எனக்குக் காட்டப்பட்டது.

ஏற்காட்டில் சில ஆண்டுகள் பணியாற்றினேன். மழைக்காலத்தில் ஜன்னல் வழியே மூடுபனி உள்ளே வந்துவிடும். அலமாரியில் புத்தக அட்டைகள் நமத்துப்போய், முதுகுப்புறத்தில் சாம்பல் நிறத்தில் பூஞ்சை படியும். வெயில் அடிக்கும் நாளில் வாசலில் சாக்கு விரித்து, புத்தகங்களைப் பக்கம் விரித்து நிற்க வைத்துக் காயவிடுவோம். அப்படி ஒரு நாள், காப்பி எஸ்டேட்டில் பழம் பறிக்கும் ஓர் அம்மா, மகனை அழைத்துக்கொண்டு அந்த வழியே போனவர், சாக்கின் அருகே நின்று ஒரு புத்தகத்தைக் குனிந்து எடுத்தார். ‘எரியும் பனிக்காடு’. ஆனைமலைத் தோட்டங்களில் மருத்துவராக இருந்த பி. எச். டேனியல் 1969-இல் ஆங்கிலத்தில் எழுதிய நாவல்; தமிழில் இரா. முருகவேள் மொழிபெயர்த்தது. முன்பணம் கொடுத்துக் கங்காணி அழைத்துப்போக, திருநெல்வேலிச் சீமையிலிருந்து தேயிலைத் தோட்டத்துக்குச் செல்லும் கருப்பனும் வள்ளியும் திரும்ப முடியாமல் அங்கேயே சிக்கிக்கொள்ளும் கதை.

அந்த அம்மா அன்றே மகன் பெயரில் உறுப்பினர் அட்டை எழுதிக்கொண்டு அதை எடுத்துப் போனார். இரண்டு முறை தவணை நீட்டித்தார். திரும்பக் கொண்டுவந்து மேசையில் வைத்தபோது, “இது தேயிலைக் காட்டுக் கதைதான் சார், ஆனா இதுல வர்ற கங்காணி எங்க அப்பாயி சொன்ன கங்காணியேதான்” என்றார். சேர்வராயன் மலையில் காப்பி வந்தது 1820-களில். அந்தச் செடிகளுக்கு இடையே தலைமுறை தலைமுறையாகக் கூடை சுமந்த குடும்பத்தில் வந்தவர் அவர். அதன் பிறகு எங்கள் வழங்கல் பதிவேட்டில் அந்தப் புத்தகத்தை எடுத்த அடுத்த மூன்று பேரும், அவர் குடியிருந்த அதே லைன் வீடுகளை, அதாவது எஸ்டேட் தொழிலாளர்களின் வரிசை வீடுகளைச் சேர்ந்தவர்கள். நான் ஒருவரிடமும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. புத்தகத்தின் பின்னட்டையில் ஒட்டியிருந்த தேதித் தாள் நிறைந்துபோய், அதன்மேல் புதுத் தாள் ஒட்ட வேண்டியதாயிற்று.

அம்மா, நான் சொன்ன இவற்றுள் எதையும் நீங்கள் விலை கொடுத்து வாங்க வேண்டும் என்பதில்லை. உங்கள் வீட்டு வரியோடு நூலக வரியும் சேர்ந்தே வசூலாகிறது. அருகிலுள்ள கிளை நூலகத்தில் உறுப்பினராகுங்கள். கேட்ட புத்தகம் அங்கே இல்லையென்றால், வேண்டும் என்று நூலகரிடம் எழுதிக் கொடுங்கள். ‘என் சரித்திரம்’ பதிப்புரிமைக் காலம் முடிந்த நூல் என்பதால் இணையத்திலும் கட்டணமின்றிக் கிடைக்கிறது. முதலில் இந்த ஞாயிற்றுக்கிழமை அந்தச் சிறுகதையை உங்கள் கணவருக்குப் படித்துக் காட்டுங்கள். மகளையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள். சாரங்கன் செய்தது சரியா என்று படித்து முடித்ததும் அவளிடம் கேட்டு, அவள் சொல்லும் பதிலை எனக்கு எழுதுங்கள். அடுத்த காணொளியில் அதைப் பற்றிப் பேச விரும்புகிறேன்.