பத்திரத்தில் அவர் பெயரும் வேண்டும்

நேயர்களுக்கு வணக்கம்.

விதைப்பு, களையெடுப்பு, அறுவடை, அப்புறம் தானியத்தைக் காயவைத்துச் சேமிப்பது வரை பெண்ணின் கை படாத வயல் வேலை குறைவு. ஆனால், "இந்த வீட்டில் விவசாயி யார்?" என்று கேட்டால், பெரும்பாலும் ஆணின் பெயர்தான் பதிவாகிறது. அந்தப் பெண் 'கூடமாட உதவி செய்பவர்' ஆகிவிடுகிறார். மற்ற சிக்கல்கள் பலவும் இங்கிருந்துதான் கிளம்புகின்றன.

நிலப் பத்திரத்தில் பெயர் இல்லாதவருக்கு வங்கிக் கடன் எளிதில் கிடைப்பதில்லை. கடன் இல்லாமல் நல்ல விதையும் உரமும் பருவத்துக்கு வந்து சேருமா? காப்பீட்டுத் தொகையும் நிவாரணமும்கூடப் பெரும்பாலும் பத்திரத்தில் இருப்பவருக்கே போகின்றன. கணவர் பிழைப்பு தேடி வெளியூர் போய்விட்டால் சாகுபடி முழுவதும் மனைவி தலையில் விழுகிறது. கையெழுத்துக்கு மட்டும் அவர் வரும்வரை காத்திருக்க வேண்டும். கணவர் இறந்தபின், தான் உழைத்த நிலத்திலிருந்தே விரட்டப்படும் பெண்களும் உண்டு. இதைவிடக் கொடுமை என்ன இருக்கிறது?

ஒரே அளவு நிலத்தில், பெண்கள் நடத்தும் பண்ணைகளின் உற்பத்தித்திறன் ஆண்களுடையதைவிட 24 சதவீதம் குறைவு என்கிறது ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பின் 2023 அறிக்கை. திறமைக் குறைவு என்று தயவுசெய்து நினைத்துவிடாதீர்கள். இடுபொருள், கடன், கருவி, பயிற்சி எல்லாம் அவர்களுக்குக் குறைவாகக் கிடைக்கின்றன. சமையல், தண்ணீர், பிள்ளைகள் என்று வீட்டு வேலையும் நேரத்தைத் தின்றுவிடுகிறது.

எத்தியோப்பியாவில் நிலச் சான்றிதழ் வழங்கியபோது, சில மாநிலங்களில் கணவன் மனைவி இருவர் பெயரையும் எழுதி, இருவர் புகைப்படத்தையும் ஒட்டினார்கள். எழுத்துத் தெரியாதவரும் தன் முகத்தைக் காட்டி, "இது என் நிலமும்தான்" என்று சொல்ல முடியும். எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு இது. பெரிய செலவும் இல்லை.

கருவிகளையும் கவனியுங்கள். கைத்தெளிப்பானும் களைக்கருவியும் பெரும்பாலும் ஆணின் உயரத்துக்கும் கை அளவுக்கும் ஏற்றபடியே செய்யப்படுகின்றன. கனமான தெளிப்பானை முதுகில் சுமந்து நாள் முழுக்க நடந்த பெண்ணிடம் கேட்டுப்பாருங்கள், தோள்பட்டை வலியைப் பற்றிச் சொல்வார்.

2026-ஐ சர்வதேசப் பெண் விவசாயி ஆண்டாக ஐ.நா. அறிவித்துள்ளது. வேளாண் அதிகாரிகளிடம் நான் கேட்பது இதுதான்: பயிற்சிக் கூட்டத்தை அடுப்படி வேலை நேரத்தில் வைக்காதீர்கள். குழந்தையோடு வர இடம் கொடுங்கள். அழைப்பை வீட்டுத் தலைவர் பெயருக்கு மட்டும் அனுப்பாமல், வயலில் நிற்கும் பெண்ணின் பெயருக்கும் அனுப்புங்கள்.

நன்றி, வணக்கம்.