பழைய அரிசிக் குடோனை இடிக்கும் முன் கூரையைப் பாருங்கள்

[காட்சி: மண்ணடியில் ஒரு சந்து. பூட்டிக் கிடக்கும் குடோன். வாசலில் கேஸ் கட்டிங் சிலிண்டர்கள்.]

குடோனை இடித்துவிட்டு அடுக்குமாடி கட்டப் போகிறார்கள். "சரக்கெல்லாம் எடுத்தாச்சு சார், உள்ளே ஒண்ணும் இல்லை" என்கிறார் கான்ட்ராக்டர். தரையைப் பார்த்தால் அவர் சொல்வது சரிதான். ஏணி போட்டு மேலே ஏறுவோம்.

[காட்சி: கூரைச் சட்டத்தின் மேல் ஒரு விரல்.]

விரலால் இழுத்தால் கோடு விழுகிறது. தவிட்டு நிறத் தூசு, நடுவே நூலாம்படை, செத்த வண்டு. வருஷக்கணக்கில் மூட்டை ஏற்றி இறக்கியதில் சேர்ந்தது. தானியத்தை மேலே தூக்கும் எலிவேட்டர் இருந்தால் அதன் அடிக்குழியில் இன்னும் அதிகம். அமெரிக்கத் தானியக் கிடங்கு விதிப்படி, முக்கியமான இடங்களில் தூசு சுமார் 3 மில்லிமீட்டரைத் தாண்டினாலே அள்ளியாக வேண்டும்.

சென்னைப் புழுக்கத்தில் இந்தத் தூசெல்லாம் நமுத்துப் போயிருக்கும், தீப்பிடிக்காது என்று நினைக்க வேண்டாம். அது எப்படிக் காய்ந்து கிடக்கும் என்று மே மாதத் தகரக் கூரையைக் கையால் தொட்டுப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

படிந்து கிடக்கும் தூசு மெல்லத்தான் கருகும். அதுவே காற்றில் கிளம்பினால் ஒவ்வொரு துகளும் சட்டென்று பற்றிக்கொள்ளும்; மூடிய அறையில் அந்த அழுத்தம் சுவரையே தள்ளிவிடும். 1785-இல் இத்தாலியின் டூரின் நகரில் மாவு அள்ளிக்கொண்டிருந்த பையனின் விளக்கே இதற்குப் போதுமாயிருந்தது. 1878-இல் அமெரிக்காவின் மினியாபொலிஸில் வாஷ்பர்ன் மாவு ஆலை வெடித்து 18 பேர் இறந்தார்கள். முதல் வெடிப்பு பெரும்பாலும் சின்னதுதான். அது கூரைத் தூசை உலுக்கி இறக்கும். அடுத்து வருவதுதான் ஆளைக் கொல்லும்.

இடிக்கும் வேலையில் சம்மட்டி தூசைக் கிளப்புகிறது, கேஸ் கட்டிங் பொறியைக் கொடுக்கிறது. இரும்பைக் காயலான் கடைக்கு அனுப்பும் அவசரத்தில் கட்டிங்கை முதலில் ஆரம்பித்துவிடுகிறார்கள். என்னைக் கேட்டால், தூசு அள்ளி முடியும்வரை சிலிண்டர் கேட்டுக்குள்ளேயே வரக்கூடாது.

[காட்சி: மூலையில் சாம்பல் நிறப் பொடி, பக்கத்தில் காலி மாத்திரைக் குப்பி.]

சரி, தண்ணீர் அடித்து நனைத்துவிடலாமே? நனைக்கலாம், மெல்லிய தூறலாக. வேகமாகப் பீய்ச்சினால் தூசுதான் பறக்கும். அதற்கு முன் மூலைகளைப் பாருங்கள். வண்டுக்கு வைக்கும் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை மிச்சமிருந்தால், ஈரம் பட்டதும் பாஸ்பீன் வரும். அது விஷவாயு, தானாகவே தீப்பிடிக்கவும் செய்யும். கை வைக்காமல், பூச்சிமருந்து வேலை தெரிந்த ஆளைக் கூப்பிடுங்கள்.

கட்டிங் பொறி 10 மீட்டர்வரைகூடத் தெறிக்கும். இடுக்கு வழியாகக் கீழ்த்தளத்துக் கோணிச் சாக்கில் விழுந்தால் உடனே தெரியாது. ஆட்கள் டீக்கடைக்குப் போன பிறகு புகையும். வேலை நின்றபின் ஒரு மணி நேரமாவது ஒருவர் அங்கேயே இருந்து பார்க்க வேண்டும்.

சைலோ, அதாவது தானியம் கொட்டி வைக்கும் உயரமான தொட்டி இருந்து, அதற்குள் மிச்சத் தானியம் புகைவது தெரிந்தால் அடிக்கதவைத் திறக்காதீர்கள், காற்று புகுந்துவிடும். எல்லோரையும் வெளியேற்றிவிட்டு 101-க்கு அழையுங்கள். "குடோனில் தீ" என்று மட்டும் சொல்லாமல், உள்ளே தானியத் தூசு இருப்பதையும், மாத்திரை கிடந்தால் அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.