டீசல் மெக்கானிக் படிக்கிற தேவகோட்டைத் தம்பியின் கேள்வி

வணக்கம். போன வாரம் பேசியதைக் கேட்டுவிட்டு தேவகோட்டையிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "ஐயா, நான் ஐ.டி.ஐ.யில் டீசல் மெக்கானிக் படிக்கிறேன். உலகமே எலெக்ட்ரிக் காருக்குப் போனால் கார் கம்பெனிகள் என்ன ஆகும்? என் படிப்பு என்ன ஆகும்?" இரண்டு நாளாக இந்தக் கேள்வி மனதை விட்டுப் போகவில்லை.

தம்பி, பயப்படாதீர்கள். ஓடுகிற டீசல் வண்டிகள் நாளைக்கே நின்றுவிடப் போவதில்லை. பட்டறைக்கு இன்னும் பல வருட வேலை இருக்கிறது. ஆனால் கார் தயாரிக்கிற இடத்தில் எல்லாம் மாறிக்கொண்டிருக்கிறது.

சின்ன வயதில் காரைக்குடியில் ஒரு பட்டறை வாசலில் மணிக்கணக்காக நிற்பேன். ஜீப்பின் கியர் பாக்ஸைப் பிரித்து, பல்சக்கரம், பேரிங், ஷாஃப்ட் என்று ஒவ்வொன்றாக டீசல் தட்டில் கழுவித் துணியில் அடுக்குவார் மேஸ்திரி. பல் தேய்ந்திருக்கிறதா என்று நகத்தால் தடவியே சொல்லிவிடுவார். அந்த மாதிரிக் கைப்பழக்கம்தான் நூறு வருடமாகக் கார் கம்பெனிகளின் சொத்து. இன்ஜினைத் தாங்களே செய்வார்கள். பேட்டரியை வெளியில் வாங்கிப் பொருத்துவார்கள்.

எலெக்ட்ரிக் காரில் அந்த டீசல் தட்டுக்கு வேலையே இல்லை. கிளட்ச் இல்லை, இன்ஜெக்டர் இல்லை, சைலன்சர் இல்லை. காரிலேயே விலை கூடின பொருள் பேட்டரி. பேட்டரியில் சேர்கிற லித்தியம் என்ற உலோகத்தைப் பற்றிப் பேசியபோதே சொன்னேன், திரும்பவும் சொல்கிறேன்: பேட்டரி யார் கையிலோ, கார் அவர் கையில்.

பி.ஒய்.டி. என்ற சீனக் கம்பெனியைப் பாருங்கள். 1995-இல் சீனாவின் ஷென்ஜென் நகரில் பேட்டரி செய்யத்தான் தொடங்கினார்கள். 2003-இல் ஒரு சின்னக் கார் கம்பெனியை வாங்கினார்கள். இன்று எலெக்ட்ரிக் கார் விற்பனையில் உலகின் முன்வரிசையில் நிற்கிறார்கள். பேட்டரிக்காரர் கார் செய்ய வந்துவிட்டார். பரம்பரையாகக் கார் செய்தவர்கள் பேட்டரிக்கு அலைகிறார்கள்! 2024-இல் பிளக்-இன் ஹைபிரிட்டையும் (சார்ஜ் செய்த பேட்டரியிலும் பெட்ரோலிலும் ஓடுகிற கார்) சேர்த்து உலகத்தில் 1.7 கோடிக்கு மேல் எலெக்ட்ரிக் கார்கள் விற்றன. பாதிக்கு மேல் சீனாவிலேயே. அந்த வருட டிசம்பரில் ஜெர்மன் கார் கம்பெனி ஃபோக்ஸ்வாகன், 2030-க்குள் ஜெர்மனியில் 35,000-க்கு மேற்பட்ட வேலைகளைக் குறைப்பதாகத் தொழிற்சங்கத்தோடு ஒப்பந்தம் போட்டது. அதற்கு வேறு காரணங்களும் உண்டு, எலெக்ட்ரிக் காருக்கு மாறுவதும் ஒன்று.

சரி, பேட்டரியைப் பற்றி எங்கே படிக்கலாம் என்று யாராவது கேட்க மாட்டார்களா என்று எனக்கு ரொம்ப நாள் ஏக்கம். தம்பி, உங்கள் ஊரிலிருந்து பஸ் ஏறினால் காரைக்குடி சிக்ரி, அதாவது மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம்! அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். 1948-இல் நேரு வந்து அடிக்கல் நாட்டினார், 1953-இல் திறந்தார்கள். பேட்டரிக்கு அடிப்படையான மின்வேதியியலுக்கென்றே ஓர் ஆய்வகம், நம் செம்மண்ணில்! லித்தியம் பேட்டரி ஆராய்ச்சி அங்கே நடக்கிறது, பி.டெக். படிப்பும் இருக்கிறது. வீட்டில் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் இருந்தால் ஒருமுறை கூட்டிப்போய்க் காட்டுங்கள்.

அப்புறம் உங்கள் விஷயம். ஐ.டி.ஐ.யிலேயே எலெக்ட்ரிக் வாகன மெக்கானிக் பிரிவு வந்திருக்கிறது, விசாரியுங்கள். இப்போதே வோல்ட், கரண்ட் அளக்கிற மல்டிமீட்டரைப் பிடிக்கப் பழகுங்கள். எலெக்ட்ரிக் காரின் போனட்டைத் திறந்தால் ஆரஞ்சு நிறக் கேபிள் தெரியும். பல கார்களில் 300, 400 வோல்ட் ஓடுகிற கேபிள் அது. முறையாகப் பேட்டரி இணைப்பைத் துண்டிக்காமலும், அதற்கென்று உள்ள ரப்பர் கையுறையைப் போடாமலும் அதைத் தொடவே கூடாது.