வெயிலும் இல்லை, வேலையும் இல்லை: பிறகு ஏன் வியர்க்கிறது?

(காட்சி: மின்விசிறி சுழலும் அறை. சும்மா உட்கார்ந்திருப்பவரின் நெற்றியில் முத்து முத்தாக வியர்வை.)

காரணமே இல்லாமல் சட்டை நனைகிறதா? துடைத்துவிட்டு மறந்துவிடாதீர்கள். எப்போது வியர்த்தது, கூடவே வேறென்ன செய்தது என்று கவனியுங்கள்.

நெஞ்சை அழுத்துகிற வலி, மூச்சுத்திணறல், அத்துடன் உடம்பு சில்லென்று வியர்த்துக் கொட்டுகிறது என்றால் மாரடைப்பாக இருக்கலாம். வாயுத்தொல்லை என்று நீங்களே முடிவுகட்டிக் காத்திருக்க வேண்டாம். உடனே ஆம்புலன்சை அழையுங்கள்.

(காட்சி: குளுக்கோமீட்டர் திரையில் 62.)

சர்க்கரை நோயாளிகள் இதைக் கொஞ்சம் நிதானமாகக் கேளுங்கள். இன்சுலினோ கிளிமிபிரைடு மாத்திரையோ எடுத்துக்கொண்டு சாப்பாட்டைத் தள்ளிப்போட்டால் ரத்தச் சர்க்கரை 70 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கிவிடக்கூடும். அப்போது கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும், குப்பென்று வியர்க்கும். ஆனால் ரத்த அழுத்தம், இதயப் படபடப்பு போன்றவற்றுக்குத் தரப்படும் புரொப்ரனலால் போன்ற பீட்டா பிளாக்கர் மருந்து சாப்பிடுகிறவர்களிடம் நடுக்கமும் படபடப்பும் அமுங்கிவிடலாம். வியர்வை அமுங்காது. வியர்வைச் சுரப்பிகளைத் தூண்டும் நரம்புகள் அதற்கு அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருளைப் பயன்படுத்துகின்றன. பீட்டா பிளாக்கர் அதைத் தடுப்பதில்லை. ஆகவே இவர்களுக்குப் பல நேரங்களில் மிஞ்சுகிற எச்சரிக்கை மணி வியர்வைதான். உடனே சர்க்கரையைச் சோதியுங்கள். குறைந்திருந்தால் 15 கிராம் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் கழித்து மீண்டும் பாருங்கள். நினைவிழந்தவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். அவருக்கு மருத்துவ உதவிதான் தேவை.

(காட்சி: நனைந்த தலையணை உறை.)

படுக்கை விரிப்பை மாற்ற வேண்டிய அளவுக்கு இரவில் வியர்ப்பது வேறு கதை. வாரக்கணக்கில் நீடித்து, எடை குறைந்து, காய்ச்சலும் இருமலும் சேர்ந்தால் காசநோய்ப் பரிசோதனை அவசியம். கழுத்திலோ அக்குளிலோ கட்டி தட்டுப்பட்டால் நிணநீர்ப் புற்றுநோய் இல்லை என்பதையும் உறுதிசெய்ய வேண்டும். மாதவிடாய் நிற்கும் வயதிலும் தைராய்டு மிகையாகச் சுரந்தாலும்கூட வியர்க்கும்.

(காட்சி: மேசைமேல் மாத்திரை அட்டைகள்.)

எந்த நோயும் அகப்படவில்லையா? மாத்திரைகளைப் பாருங்கள். செர்ட்ராலின், வென்லாஃபாக்சின் போன்ற மனச்சோர்வு மருந்துகளும் டிரமடால் போன்ற வலிநிவாரணிகளும் வியர்க்க வைக்கும். மாத்திரை தொடங்கிய தேதியையும் வியர்வை தொடங்கிய தேதியையும் ஒப்பிடுங்கள். ஆனால், தயவுசெய்து, நீங்களாகவே மருந்தைச் சட்டென்று நிறுத்தாதீர்கள். நிறுத்தினால் தலைசுற்றலும் பதற்றமும் வரலாம், வியர்வையே கூடலாம். அளவைக் குறைப்பதோ மருந்தை மாற்றுவதோ மருத்துவரால் முடியும்.

ஒரு விதிவிலக்கு உண்டு. செர்ட்ராலினையும் டிரமடாலையும் சேர்த்துச் சாப்பிடுகிறவருக்குக் கடும் வியர்வையுடன் காய்ச்சல், குழப்பம், தசைத் துடிப்பு வந்தால் மருத்துவரின் முன்பதிவுக்குக் காத்திருக்காதீர்கள். மாத்திரை அட்டைகளையும் கையோடு எடுத்துக்கொண்டு அவசரப் பிரிவுக்குச் செல்லுங்கள்.