கலைஞர் 13 முறை நின்று 13 முறையும் ஜெயித்தது உண்மையா? – நேயர் கேள்விக்கு விளக்கம்

வணக்கம். போன வாரம் போட்ட காணொளிக்குக் கீழே நேயர் ஒருவர் கேட்டிருந்தார்: "கலைஞர் ஒரு தேர்தலில் கூடத் தோற்றதில்லை, 60 வருஷம் இடைவிடாமல் எம்.எல்.ஏ.வாக இருந்தார் என்கிறார்கள். எங்கள் வீட்டில் அப்பா ஆமாம் என்கிறார், மாமா இல்லை என்கிறார். யார் சொல்வது சரி?"

அப்பா சொல்வதும் சரி, மாமா சொல்வதும் சரி. கேள்வியில் இரண்டு விஷயம் கலந்து கிடக்கிறது. தோற்றதில்லை என்பது உண்மை. இடைவிடாமல் என்பதுதான் தவறு.

முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம். 1957-ல் குளித்தலை. 1962-ல் தஞ்சாவூர். 1967, 1971 இரண்டும் சைதாப்பேட்டை. 1977, 1980 அண்ணா நகர். 1989, 1991 துறைமுகம். 1996, 2001, 2006 மூன்றும் சேப்பாக்கம். 2011, 2016 திருவாரூர். எண்ணிப் பாருங்கள், 13 வரும். தொகுதிகள் 7.

இந்த வரிசையில் 1984 இல்லை, கவனித்தீர்களா? மாமா அங்கேதான் பிடித்திருப்பார். 1983 ஆகஸ்ட்டில், இலங்கைத் தமிழர் பிரச்சினையில் மத்திய, மாநில அரசுகள் எதுவும் செய்யவில்லை என்று சொல்லி கருணாநிதியும் பேராசிரியர் அன்பழகனும் எம்.எல்.ஏ. பதவியை ராஜினாமா செய்தார்கள். 1984-ல் கருணாநிதி மேலவைக்குப் போனார். சட்டமன்றத்தோடு சேர்ந்து அப்போது இருந்த இன்னொரு அவை அது, அதில் இருப்பவர் எம்.எல்.ஏ. ஆகமாட்டார். அந்த ஆண்டுக் கடைசியில் நடந்த சட்டமன்றத் தேர்தலில் அவர் நிற்கவே இல்லை. எம்.ஜி.ஆர். அமெரிக்காவில் ஆஸ்பத்திரியில் இருந்தார், இந்திரா காந்தி சுட்டுக் கொல்லப்பட்டு இரண்டு மாதம் கூட ஆகவில்லை. அனுதாப அலை எந்தப் பக்கம் அடிக்கும் என்று ஊருக்கே தெரிந்த தேர்தல் அது. நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று ஆளாளுக்கு ஒன்று சொல்வார்கள். நிற்காத தேர்தலைத் தோல்விக் கணக்கில் எழுத முடியாது, அவ்வளவுதான். அப்புறம் 1986 நவம்பரில் மேலவையே கலைக்கப்பட்டது. அதிலிருந்து 1989 ஜனவரி வரை அவர் எந்த அவையிலும் உறுப்பினர் இல்லை. 1991-ல் ஜெயித்தும் ராஜினாமா செய்துவிட்டார். ஆக 1996 வரை மறுபடி இடைவெளி. 60 வருஷம் இடைவிடாமல் என்பது மேடைப் பேச்சு.

சரி, இப்போது தோல்வியே இல்லை என்பதற்கு வருவோம். எல்லாமே அமோக வெற்றி என்று நினைத்துவிடாதீர்கள். என்னைக் கேட்டால் இந்த 13-ல் உட்கார்ந்து பார்க்க வேண்டியவை இரண்டு: 1980, 1991.

1980 ஜனவரியில் நாடாளுமன்றத் தேர்தல். திமுக - காங்கிரஸ் கூட்டணி தமிழ்நாட்டில் 39-ல் 37 தொகுதிகளை அள்ளியது. பிப்ரவரியில் எம்.ஜி.ஆர். ஆட்சி கலைக்கப்பட்டது. மே மாதம் சட்டமன்றத் தேர்தல். நாலே மாதத்தில் ஜனங்கள் அப்படியே திருப்பிப் போட்டார்கள், எம்.ஜி.ஆர். மறுபடி முதல்வர். அண்ணா நகரில் கருணாநிதியை எதிர்த்து அதிமுக நிறுத்தியது டாக்டர் எச்.வி.ஹண்டேயை. எண்ணி முடித்தபோது கருணாநிதிக்கு 51,290, ஹண்டேவுக்கு 50,591. வித்தியாசம் 699. லட்சம் பேருக்கு மேல் ஓட்டுப் போட்ட தொகுதியில், நாலைந்து தெரு மனசு மாறியிருந்தால் இன்று இந்தக் கேள்வியே வந்திருக்காது.

கதை அதோடு முடியவில்லை. ஹண்டே தேர்தல் வழக்குப் போட்டார். கருணாநிதி செலவு வரம்பை மீறிவிட்டார் என்பது புகார். அதற்கு அவர் காட்டிய ஆதாரங்களில் ஒன்று, பிரசாரத்துக்காக வைத்த ஒரு அலங்கார பேனர். அந்த பேனரின் புகைப்படத்தை மனுவோடு கோர்ட்டில் கொடுத்தார்கள். ஆனால் எதிர்மனுதாரரான கருணாநிதிக்குக் கொடுத்த நகலோடு அந்தப் படத்தின் நகலைச் சேர்க்கவில்லை. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. புகைப்படமும் மனுவின் ஒரு பகுதிதான், அதன் நகலைத் தராதது சட்டப்படி குறை என்று சொல்லி 1983-ல் மனுவைத் தள்ளிவிட்டார்கள். இன்றும் தேர்தல் வழக்கு நடத்தும் வக்கீல்களுக்கு 'கருணாநிதி எதிர் ஹண்டே' தெரிந்திருக்கும். செலவு வரம்பு மீறப்பட்டதா இல்லையா என்பது கடைசி வரை விசாரணைக்கே வரவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அதனால் அந்தத் தீர்ப்பை வைத்துக்கொண்டு "நிரபராதி என்று நிரூபணம்" என்றும் எழுத முடியாது, "தப்பித்துவிட்டார்" என்றும் எழுத முடியாது. இரண்டு தரப்பும் எழுதிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

அடுத்தது 1991. ஜனவரியில் திமுக ஆட்சி கலைக்கப்பட்டது. மே 21 ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொலை. அதற்குப் பிறகு நடந்த தேர்தலில் அதிமுக - காங்கிரஸ் கூட்டணிக்கு 234-ல் 225. திமுகவில் கரை சேர்ந்தது இரண்டே பேர்: துறைமுகத்தில் கருணாநிதி, எழும்பூரில் பரிதி இளம்வழுதி. துறைமுகத்தில் காங்கிரஸின் கே.சுப்புவை அவர் ஜெயித்தது 890 ஓட்டில். ஜெயித்த கையோடு, கட்சியின் தோல்விக்குப் பொறுப்பேற்று பதவியை விட்டுவிட்டார். இரண்டு வருஷம் முன்னால் இதே தொகுதியில் 30,000-க்கு மேல் வித்தியாசத்தில் ஜெயித்தவர்!

இன்னொரு நேயர் இதோடு ஒட்டிய கேள்வி ஒன்று கேட்டிருக்கிறார்: "தொகுதி தொகுதியாக மாறியதே தோல்வி பயத்தில்தானே?" இதில் பாதி நியாயம் இருக்கிறது, நான் மறுக்க மாட்டேன். ஒரே தொகுதியில் மூன்று முறைக்கு மேல் அவர் நின்றதில்லை. கேரளாவில் கே.எம்.மாணியைப் பாருங்கள். 1965 முதல் 2016 வரை அவரும் 13 முறை ஜெயித்தார், தோற்கவே இல்லை. 13 முறையும் பாலா என்ற ஒரே தொகுதியில். அதிலும் 1965-ல் ஜெயித்த சபை கூடவே இல்லை, அது தனிக் கதை. எண்ணிக்கை ஒன்றுதான், மாணி ஊரோடு வேர்விட்டவர், கருணாநிதி களத்தைப் பார்த்து நகர்ந்தவர்.

ஆனால் மீதிப் பாதியும் இருக்கிறது. 1962-ல் காஞ்சிபுரத்தில் சொந்த ஊரிலேயே அண்ணா தோற்றார். அதே தேர்தலில் குளித்தலையை விட்டுத் தஞ்சாவூருக்கு வந்து, காங்கிரஸின் பரிசுத்த நாடாரை எதிர்த்து நின்று கருணாநிதி ஜெயித்தார். பரிசுத்த நாடார் லேசுப்பட்ட ஆள் இல்லை, அந்த ஊரில் செல்வாக்கும் வசதியும் உள்ளவர். தஞ்சாவூரைப் பாதுகாப்பான இடம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அந்த வெற்றிதான் அவரை எதிர்க்கட்சித் துணைத் தலைவர் நாற்காலியில் உட்கார வைத்தது. சென்னைத் தொகுதிகள் எல்லாம் திமுகவுக்குப் பட்டா போட்டவை என்பார்கள். 699-ம் 890-ம் சென்னையில் வந்தவைதான்.

சொந்த ஊர்ப் பக்கம் ஏன் அத்தனை வருஷம் போகவில்லை என்றும் சிலர் கேட்கிறார்கள். திருக்குவளைக்காரர், படித்தது திருவாரூரில். ஆனால் திருவாரூர் பல தேர்தல்களுக்குத் தனித் தொகுதி, அதாவது தாழ்த்தப்பட்டோருக்கு ஒதுக்கப்பட்டது. அவர் நினைத்தாலும் அங்கே மனு போட்டிருக்க முடியாது. தொகுதி மறுசீரமைப்பில் அது பொதுத் தொகுதியானது. பழைய சேப்பாக்கமும் அதே மறுசீரமைப்பில் திருவல்லிக்கேணியோடு சேர்ந்து உருமாறியது. 2011-ல் அவர் திருவாரூருக்குப் போனார். கட்சி வெறும் 23 இடத்தில் சுருண்ட அந்தத் தேர்தலிலும் அவருக்கு 50,000-க்கு மேல் வித்தியாசம். 2016-ல் 91 வயது, சக்கர நாற்காலி, 68,366 ஓட்டு வித்தியாசம். அந்தத் தேர்தலில் மாநிலத்திலேயே அதிகம் அதுதான். 2018 ஆகஸ்ட் 7 அன்று காலமானபோதும் அவர் திருவாரூர் எம்.எல்.ஏ.

அப்பாவிடமும் மாமாவிடமும் இந்தக் காணொளியைக் காட்டுங்கள். அடுத்த கேள்விக்குப் போகலாம்.