5000 வருஷப் பழைய டிரெஸ்: யாரோ போட்டிருந்தாங்கன்னு காட்டிக்கொடுத்தது ஒரு கசங்கல்!

[திரையில்: பழுப்பேறின லினன் துணி, ரொம்பக் கிட்டக்க. கை மடிப்பு மட்டும் தெரியுது.]

இந்தக் கசங்கலப் பாத்துக்கோங்க. முழங்கை மடங்குற இடம். இது விழுந்து 5000 வருஷம் ஆச்சு, இன்னும் அயர்ன் பண்ண ஆள் வரல!

வணக்கம் மக்களே! இதுக்குப் பேரு டார்கான் டிரெஸ். நெசவுத் துணியில தைச்ச உடுப்புல, இதுவரைக்கும் கெடச்சதுலயே ரொம்பப் பழசுன்னு இதைத்தான் சொல்றாங்க. போட்டவங்க பேரு தெரியாது, முகம் தெரியாது. ஆனா அதை எப்படிக் கழட்டினாங்கன்னு தெரியும். அதுதான் இன்னிக்கு மேட்டர்.

முன்கதைய வேகமா முடிச்சிடறேன், ஸ்கிப் பண்ணிடாதீங்க. 1913, எகிப்து. கெய்ரோவுக்குத் தெற்கே ஒரு 50 கிலோமீட்டர்ல டார்கான்னு ஒரு இடம். ஃபிளிண்டர்ஸ் பெட்ரிங்கிற தொல்லியல் ஆராய்ச்சியாளர் அங்க தோண்டுறாரு. 2050னு நம்பர் போட்ட கல்லறையில அந்தக் காலத்துலேயே திருடங்க புகுந்து, வேண்டாத துணியையெல்லாம் வெளிய வீசிட்டுப் போயிருக்காங்க. அந்த அழுக்குத் துணிக் குவியல் லண்டனுக்குப் போச்சு, 60 வருஷத்துக்கு மேல அப்படியே கெடந்துச்சு. 1977ல விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் மியூசியத்துல சுத்தம் பண்ணலாம்னு பிரிச்சப்பதான், அட, உள்ள ஒரு டிரெஸ்ஸே இருக்குன்னு கண்டுபிடிச்சாங்க.

அந்த டிரெஸ் எப்படி இருந்துச்சு தெரியுமா? உள்பக்கம் வெளிய!

இது சின்ன விஷயம்னு நெனைக்காதீங்க. புடவை மாதிரி சுத்திக் கட்டுற துணியா இருந்தா, அவுக்கும்போது புரள வழியே இல்ல. முன்னாடி திறந்திருந்தா சட்டை மாதிரி கழட்டியிருப்பாங்க. கீழேருந்து பிடிச்சு, தலை வழியா ஒரே இழுப்பா உருவினா என்ன ஆகும்?

[திரையில்: நான் குர்தாவக் கழட்டுறேன். மறுபடியும். மறுபடியும்.]

ஆறு தடவ செஞ்சு பாத்தேன், ஆறு தடவையும் புரண்டுதான் வந்துச்சு. ஏழாவது தடவை போகவிடாம எங்கம்மா வந்துட்டாங்க. "துணியப் புரட்டிப் போடுடான்னு எத்தன தடவடா சொல்றது?" அம்மா, இது ஆராய்ச்சிம்மா!

ஆனா இதுல ஒரு சந்தேகம் வரும். பொணத்துக்குன்னே புதுசா தைச்ச துணியா இருந்தா? அங்கதான் முதல்ல காட்டுன கசங்கல் வருது. முழங்கையில கசங்கல், அக்குள்ல கசங்கல். புதுசா மடிச்சு வச்ச துணியில அந்த ரெண்டு எடத்துல மட்டும் தெளிவா அப்படி விழாது. யாரோ போட்டு, கைய மடக்கி, வேலை பாத்திருக்காங்க. அளவ வச்சு, ஒல்லியான இளம்பொண்ணு இல்லன்னா வயசுக்கு வந்த சின்னப்பொண்ணா இருக்கும்னு கணிக்கிறாங்க.

தையல் தெரிஞ்சவங்களுக்கு ஒரு நிமிஷம். கீழ்ப்பகுதி ஒரே நேர்த்துணி, ஒரு பக்கம் மட்டும் சேர்த்துத் தைச்சது. நெசவுலயே மெல்லிசா சாம்பல் கோடு ஓடுது. மேல ரெண்டு துண்டு, ஒவ்வொண்ணும் ஒரு கையும் பாதி மேல்பக்கமும். ரெண்டும் நடுவுல சேருற எடத்துல வி கழுத்து. அந்த ரெண்டு துண்டு முழுக்கப் பொடிப்பொடியா ப்ளீட்ஸ், நம்ம கொசுவத்த கத்தி முனையில வச்ச மாதிரி.

இப்ப எனக்கு ரொம்பப் புடிச்ச விஷயம். எகிப்துப் பொண்ணுன்னா நம்ம மனசுல என்ன படம் வரும்? உடம்போட ஒட்டின டைட் டிரெஸ், தோள்ல ரெண்டு பட்டை. சுவர் ஓவியம், சிலை எல்லாத்துலயும் அதுதான். ஆனா அப்படி ஒட்டித் தைச்ச துணி டிரெஸ்ஸ மண்ணுல தேடினா காணோம்! ஒரு நீளத் துணிய உடம்பச் சுத்திக் கட்டினதத்தான் அப்படி வரைஞ்சிருக்கணும்னு துணி ஆராய்ச்சிக்காரங்க சிலர் சொல்றாங்க. கையில கெடைக்கிறது என்னமோ தொளதொளன்னு, கை வச்ச, வி கழுத்து டிரெஸ்தான். தேஷாஷேங்கிற ஊர்ல 1897லயே பெட்ரிக்குக் கெடச்சதும் இதே ஜாதி.

இதுக்கு என்கிட்ட ஒரே பேருதான் இருக்கு. நைட்டி.

சிரிக்காதீங்க! 5000 வருஷம் கழிச்சு ஒருத்தர் தமிழ்நாட்டத் தோண்டுறாருன்னு வைங்க. கல்யாண ஆல்பம் கெடைக்குது, நகைக்கடை விளம்பரம் கெடைக்குது. "இந்த ஊர்ப் பொம்பளைங்க எப்பவும் பட்டுப்புடவை, ஒட்டியாணம்தான்"னு எழுதிடுவாரு. காலைல பால் வாங்க, குழாயடிக்குப் போக, மாவு மெஷினுக்கு நடக்க, தோள்ல துண்டப் போட்டுக்கிட்டு போறாங்களே ஒரு நைட்டி, அது எந்த ஆல்பத்துல இருக்கு? எங்க வீட்டு ஆல்பம் அத்தனையும் புரட்டிட்டேன், ஒண்ணுல கூட இல்ல. ஒரே ஒரு போட்டோவுல சித்தியோட நைட்டிக் கை மட்டும் ஓரத்துல தெரியுது, அதையும் கத்திரிச்சு எடுக்கச் சொல்லியிருக்காங்க!

வயசு எப்படித் தெரியும்னு கமெண்ட்ல கேப்பீங்க. 2015ல 2.24 மில்லிகிராம் துணிய எடுத்து, ரேடியோகார்பன்னு வயசக் கணிக்கிற டெஸ்ட் பண்ணாங்க. 95 சதவீத உறுதியோட கி.மு. 3482க்கும் 3102க்கும் நடுவுல. பிரமிடுக்கெல்லாம் மூத்தது, அவ்வளவுதான்.

[திரையில்: பெட்ரி மியூசியக் கண்ணாடிப் பெட்டிக்குள்ள டிரெஸ். கேமரா மெதுவா கீழ இறங்குது. துணி பிஞ்சு நிக்குது.]

ஒரு கேள்வி மட்டும் பாக்கி. கீழ் ஓரம் போயிடுச்சு. அதனால நீளம் முழங்கால் வரையா, கணுக்கால் வரையான்னு சொல்ல முடியாது. என் ஓட்டு கணுக்காலுக்கு. எங்கம்மா முழங்கால்ங்கறாங்க: "மண்ணுல இழுபடுற நீளத்துல போட்டா தினம் யாருடா துவைக்கிறது?" நீங்க எந்தப் பக்கம்னு கமெண்ட்ல போடுங்க. அம்மா படிப்பாங்க.