கனவுல வந்த கதை காலையில எங்க போகுது? (சந்தேகங்களுக்கு விளக்கம்)

வணக்கம். இன்னைக்குக் கேள்வி ஒண்ணுதான், ஆனா அதுக்குள்ள மூணு கேள்வி ஒளிஞ்சிருக்கு. சிறுகதை எழுதுற ஒரு நேயர் கேட்டிருக்காங்க. படிச்சிடறேன்.

"ராத்திரி கனவுல முழுக் கதையும் வருது. சில நாள் மெட்டுகூட வருது. அந்த நேரத்துல பிரமாதமா இருக்கு. காலையில ஒண்ணு மறந்துபோகுது, இல்லேன்னா எழுதி வெச்சதைப் படிச்சா உப்புச் சப்பில்லாம இருக்கு. ஆழ்மனசுதான் படைப்புக்கு ஊற்றுன்னு சொல்றாங்களே, அதை நம்பலாமா? கையில ஸ்பூனை வெச்சுக்கிட்டுத் தூங்கினா யோசனை வரும்னு சொல்றது நிஜமா?"

அந்த 'ஊற்று'ங்கிற வார்த்தையில இருந்தே ஆரம்பிக்கிறேன், ஏன்னா அதுல எனக்கு ஒப்புதல் இல்லை. ஊற்றுன்னா தானா சுரக்கும். கனவு ஊற்று இல்லைங்க, அகப்பை. சட்டியில இருந்தாத்தானே அகப்பையில வரும்? அகப்பை செய்யுற காரியம் என்னன்னா, அடியில கிடக்கிறதையும் மேல மிதக்கிறதையும் ஒரே தடவையில மொண்டு வருது. முழிச்சிருக்கும்போது நாம அப்படி மொள்ள மாட்டோம்.

இதுக்கு ஓட்டோ லோவியை விட நல்ல உதாரணம் கிடையாது. ஆஸ்திரியாவுல கிராட்ஸ் பல்கலைக்கழகத்துல மருந்தியல் பேராசிரியர். நரம்பு இதயத்துக்கு எப்படி உத்தரவு கொடுக்குது, மின்சாரமாவா, இல்லை ஏதாவது ரசாயனம் சுரந்தாங்கிறது அந்தக் காலத்துப் பெரிய கேள்வி. 1920-ல, ஈஸ்டர் ஞாயிறுக்கு முந்தின ராத்திரி, கனவுல ஒரு சோதனை வந்ததுன்னு அவரே பின்னாடி எழுதியிருக்கார். எழுந்து விளக்கைப் போட்டு, ஒரு துண்டுச் சீட்டுல கிறுக்கிட்டுத் திரும்பப் படுத்துட்டார். காலையில 6 மணிக்குச் சீட்டை எடுத்துப் பார்த்தா, எழுதினது அவருக்கே புரியலை. என்ன கனவுன்னும் ஞாபகம் வரலை. அதிர்ஷ்டம், மறுநாள் ராத்திரி 3 மணிக்கு அதே யோசனை திரும்பி வந்தது. இந்தத் தடவை சீட்டெல்லாம் தேடலை, எழுந்து நேரா ஆய்வகத்துக்குப் போயிட்டார்.

சோதனை இதுதான். ரெண்டு தவளை இதயம், ரெண்டும் உப்புக் கரைசல்ல துடிச்சுக்கிட்டு இருக்கு. ஒண்ணுல வேகஸ் நரம்பு இருக்கு, இன்னொண்ணுல இல்லை. முதல் இதயத்தோட நரம்பைத் தூண்டினா துடிப்பு குறையும். அந்த இதயத்துக்குள்ள இருந்த கரைசலை எடுத்து ரெண்டாவது இதயத்துல விட்டார். அதுவும் மெதுவாச்சு. அப்போ நரம்பு ஏதோ ஒரு பொருளைச் சுரந்திருக்கு. அது அசிட்டைல்கோலின்னு பின்னாடி உறுதியாச்சு. 1936-ல ஆங்கிலேய ஆய்வாளர் ஹென்றி டேலோட சேர்ந்து நோபல் பரிசு.

எல்லாரும் கதையை இங்கே நிறுத்திடுவாங்க. சட்டியில என்ன இருந்ததுன்னு பாருங்க. நரம்பு ரசாயனத்தாலதான் பேசுதுங்கிற ஊகம் லோவிக்கு 1903-லயே இருந்தது. எப்படி நிரூபிக்கிறதுன்னு தெரியாம கிடப்புல போட்டுட்டார். 1918 வாக்குல, வேற ஒரு விஷயத்துக்காக, இதே மாதிரி தவளை இதயத்தைக் கரைசல்ல வெச்சுச் சோதனை பண்ணியிருந்தார். ஊகம் ஒரு பக்கம், கருவி ஒரு பக்கம், தனித்தனியா கிடந்தது. கனவு செஞ்சது ரெண்டையும் முடிச்சுப் போட்டது, அவ்வளவுதான். இன்னொண்ணும் அவரே சொல்லியிருக்கார்: பகல்ல உட்கார்ந்து யோசிச்சிருந்தா இந்தச் சோதனையைத் தள்ளியிருப்பேன், ஏன்னா இன்னொரு இதயத்தைப் பாதிக்கிற அளவுக்கு அந்தப் பொருள் கரைசல்ல மிஞ்சும்னு எதிர்பார்க்க நியாயமே இல்லைன்னு. அந்தத் 'தள்ளியிருப்பேன்'தான் உங்க கேள்விக்குச் சாவி.

தூக்கத்துல கண்மணி வேகமா அசையுற ஒரு கட்டம் இருக்கு. ரெம் தூக்கம்னு சொல்வாங்க, 1953-ல சிகாகோவுல கண்டுபிடிச்சது. விரிவான கனவுகள் பெரும்பாலும் இதுலதான் வரும். அப்போ காட்சியும் உணர்ச்சியும் சம்பந்தப்பட்ட மூளைப் பகுதிகள் நல்லா வேலை செய்யுது. நெற்றிக்குப் பின்னாடி இருக்கிற, 'இது பொருந்துமா, முறையா இருக்கா'ன்னு கேட்கிற பகுதி மட்டும் மந்தமாயிடுது. கணக்குப்பிள்ளை லீவுல போன கடை மாதிரி. அதனால சம்பந்தமில்லாத ரெண்டு விஷயம் பக்கத்துல பக்கத்துல உட்காரும். அதே காரணத்தாலதான் மட்டமான யோசனையும் பிரமாதமாத் தெரியுது. 'ஆகா'ங்கிற உணர்ச்சி ஓடிக்கிட்டே இருக்கு, அதைச் சரிபார்க்க ஆள் இல்லை. காலையில உப்புச் சப்பில்லாம இருக்குன்னு சொன்னீங்களே, கதை ராத்திரியிலயும் அப்படித்தான் இருந்தது. அந்த உணர்ச்சி மட்டும்தான் காலையில இல்லை.

அமெரிக்க மருத்துவரும் எழுத்தாளருமான ஆலிவர் வெண்டல் ஹோம்ஸ் ஈதர்ங்கிற மயக்க மருந்தோட மயக்கத்துல பிரபஞ்ச ரகசியமே பிடிபட்டுப்போச்சுன்னு எழுதி வெச்சாராம். தெளிஞ்சு பார்த்தா, 'எங்கும் டர்பென்டைன் வாடை தூக்கலாக இருக்கிறது'ன்னு எழுதியிருக்கு. 1870-ல ஒரு சொற்பொழிவுல அவரே சொன்னது. அது தூக்கம் இல்லை, மயக்கம். ஆனா கோளாறு ஒரே ஜாதி.

மறதிக்கு வேற காரணம். நினைவைப் பதிய வைக்கிறதுல நோர்அட்ரினலின்ங்கிற மூளை ரசாயனத்துக்குப் பெரிய பங்கு உண்டு. ரெம் தூக்கத்துல மூளையில அது ஏறக்குறைய நின்னுடுது. அதனால கனவு ஈரச் சுவர்ல எழுதின எழுத்து மாதிரி. முழிச்ச முதல் ரெண்டு மூணு நிமிஷத்துல பிடிக்கலைன்னா போச்சு.

எப்படிப் பிடிக்கிறது? கண்ணு முழிப்பு வந்ததும் புரண்டு படுக்காதீங்க, கண்ணையும் திறக்காதீங்க. கடைசியா பார்த்த காட்சியைப் பிடிச்சுக்கிட்டு, அதுக்கு முன்னாடி என்ன, அதுக்கு முன்னாடி என்னன்னு பின்பக்கமா போங்க. முன்னாடி இருந்து தேடினா கிடைக்காது. அப்புறம் தலைமாட்டுல இருக்கிற நோட்டுல எழுதுங்க. லோவியோட சீட்டை ஞாபகம் வெச்சுக்கோங்க: ஒத்தை வார்த்தையா கிறுக்காம, பெரிய எழுத்துல முழு வாக்கியமா நாலு அஞ்சு. 'பாட்டி, கிணறு, சிவப்பு'ன்னு எழுதினா காலையில அது மளிகைச் சீட்டு. 'கிணத்துக்குள்ள இருந்து பாட்டி கயிறு கேட்கிறா, மேல நிக்கிறவன் தர மறுக்கிறான்'னு எழுதினாத்தான் கதை. இடத்தை வார்த்தையில சொல்ல முடியலைன்னா படம் வரைஞ்சிடுங்க.

மெட்டுக்கு நோட்டு உதவாது, பதிவு பண்ணணும். இங்கே நிறையப் பேர் செய்யுற தப்பு, ஒரு தடவை முனகிட்டு விட்டுடறது. தாளம் இல்லாத முனகலைக் காலையில கேட்டா, எடுப்பு எங்கேன்னே தெரியாது. விரலால தட்டிக்கிட்டே ரெண்டு தடவை பாடுங்க. போனை ராத்திரியே ஏரோபிளேன் மோடுல போட்டு, ரெக்கார்டரைத் திறந்தே வெச்சிருங்க. ஒரு வாட்ஸ்அப் செய்தி கண்ணுல பட்டாப் போதும், மெட்டு காலி.

நேரமும் முக்கியம். தூக்கம் சுமார் 90 நிமிஷச் சுற்றா ஓடுது, ரெம் பகுதி ஒவ்வொரு சுற்றுலயும் நீண்டுக்கிட்டே போகும். முதல் சுற்றுல சில நிமிஷம்தான், விடியற்காலையில அரை மணி நேரத்துக்கு மேலகூடப் போகும். விடியற்காலைக் கனவு பலிக்கும்னு நம்ம வீட்டுல சொல்றாங்க இல்லையா, பலிக்குதோ இல்லையோ, அந்த நேரத்துக் கனவுதான் நீளமாவும் இருக்கும், ஞாபகத்துலயும் நிக்கும். 11 மணிக்குப் படுத்து 4 மணிக்கு அலாரம் வெச்சு எழுந்தா, இதுல பெரும்பகுதியை வெட்டி எறியுறீங்க. மதுவும் ராத்திரியோட முதல் பாதி ரெம் தூக்கத்தை அமுக்கிடும். குடிச்சா கற்பனை வரும்னு நம்புறவங்க இதைக் கவனிக்கணும்.

இப்ப ஸ்பூன் விஷயம். இது வேற கட்டம், ரெம் இல்லை. கண்ணு அசர்ற முதல் சில நிமிஷம், நாம கோழித் தூக்கம்னு சொல்றோமே அது. ஓவியர் டாலி 1948-ல எழுதின புத்தகத்துல முறையா விவரிச்சிருக்கார்: நாற்காலியில உட்கார்ந்து, இடது கைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவுல கனமான சாவி, கீழே கவுத்து வெச்ச தட்டு. தூங்கினதும் சாவி விழும், சத்தத்துல முழிச்சுக்கலாம். ரொம்ப நாள் இது வெறும் கதையா இருந்தது. 2021-ல பாரிஸ்ல மூளை ஆய்வாளர்கள் 103 பேரை வெச்சுப் பார்த்தாங்க. எண் கணக்குகள் கொடுத்தாங்க, அதுல ஒரு குறுக்குவழி ஒளிஞ்சிருக்கு, அதைச் சொல்லலை. நடுவுல 20 நிமிஷ ஓய்வு, கையில ஒரு பொருள். முழிச்சே இருந்தவங்கள்ல 30 சதவீதம் பேர் குறுக்குவழியைக் கண்டுபிடிச்சாங்க. குறைஞ்சது 15 நொடி கோழித் தூக்கம் போட்டவங்கள்ல 83 சதவீதம். அடுத்த கட்டத் தூக்கத்துக்கு இறங்கிட்டவங்கள்ல வெறும் 14 சதவீதம். அந்தக் கடைசி எண்தான் முக்கியம். கொஞ்சம் ஆழமாப் போனாலும் பலன் போயிடுது, அதுக்குத்தான் ஸ்பூன். இன்னொண்ணு, எழுந்த கையோட யாருக்கும் விடை வரலை, திரும்பக் கணக்குப் போட்டுக்கிட்டு இருக்கும்போது பல கணக்கு தாண்டித்தான் வந்தது. எழுந்து ரெண்டு நிமிஷத்துல ஒண்ணும் வரலைன்னு கைவிடாதீங்க, வேலையைத் தொடருங்க.

வீட்டுல செய்யணும்னா, மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் 1 மணியில இருந்து 3 மணிக்குள்ள. படுக்காதீங்க, கை வெச்ச நாற்காலி. கை வெளிப்பக்கமா தொங்கணும், மடியில வெச்சா ஸ்பூன் மடியிலயே விழும். கீழே எவர்சில்வர் தட்டு, பாய் மேல வெச்சா சத்தம் வராது. டீஸ்பூன் லேசு, குழம்புக் கரண்டி இல்லைன்னா சாவிக்கொத்து சரி. கொத்து வளையத்துல விரலை மாட்டிக்காதீங்க, விழாது. முந்தின ராத்திரி சரியாத் தூங்கலைன்னா இது பலிக்காது, கண்ணு அசந்ததும் நேரா ஆழத்துக்குப் போயிடுவீங்க. காப்பி குடிச்சிருந்தா தலைகீழ், கண்ணே அசராது.

ஸ்பூனைப் பிடிக்கிறதுக்கு முன்னாடி ஒரு மணி நேரமாவது அந்தக் கதையோட மல்லுக்கட்டியிருக்கணும். 2000-ல ஹார்வர்டு ஆய்வாளர் ஸ்டிக்கோல்டு, டெட்ரிஸ் விளையாட்டை மூணு நாள்ல 7 மணி நேரம் ஆட வெச்சார். கண்ணு அசரும்போது பலருக்கும் கட்டைகள் விழுற காட்சி வந்தது. ஞாபக சக்தி போன சில நோயாளிகளுக்கும் வந்தது, விளையாடினதே அவங்களுக்கு ஞாபகம் இல்லை! ஞாபகத்துக்கே எட்டாம உள்ளே கிடக்குது பாருங்க, ஆழ்மனசுன்னு நான் சொல்றது இதைத்தான். மனநல மருத்துவர் ஃப்ராய்ட் சொன்ன அடக்கி வெச்ச ஆசைகளுக்குள்ள இப்ப போகலை.

படுக்குறதுக்கு முன்னாடி கேள்வி கேட்டுட்டுத் தூங்குறது இன்னொரு வழி. 1993-ல வந்த ஒரு ஆய்வுல 76 மாணவர்கள் ஒரு வாரம் இப்படிச் செஞ்சாங்க. பாதிப் பேருக்குப் பிரச்சினை சம்பந்தமா கனவு வந்தது, விடை மாதிரி வந்தது அதுலயும் ஒரு பகுதிக்குத்தான். கேள்வி ஒரே வாக்கியமா இருக்கணும், காட்சியா மாத்தக்கூடியதா இருக்கணும். 'கதை நல்லா வரணும்'னு கேட்டா ஒண்ணும் வராது. 'அவ ஏன் அந்தக் கதவைத் திறக்கலை?'ன்னு எழுதி, கதவை மனசுல பார்த்துக்கிட்டே படுங்க. ஒரு ராத்திரியில எதிர்பார்க்காதீங்க, ஒரு வாரம் கொடுங்க.

வந்ததைச் சரிபார்க்கிற வேலை ரெண்டு இருக்கு. ஒண்ணு, அது உங்களோடதுதானா? பீட்டில்ஸ் இசைக்குழுவோட பால் மெக்கார்ட்னிக்குத் தூக்கத்துல ஒரு மெட்டு வந்தது, 'யெஸ்டர்டே' பாட்டோட மெட்டு. எங்கேயோ கேட்டதா இருக்குமோன்னு சுமார் ஒரு மாசம் இசைத்துறைக்காரங்ககிட்ட எல்லாம் பாடிக் காட்டிக் கேட்டுட்டு, அப்புறம்தான் தன்னோடதுன்னு எடுத்துக்கிட்டார். அதே குழுவுல இருந்த ஜார்ஜ் ஹாரிசன், மெட்டு இன்னொரு பாட்டோடதுன்னு வழக்குல மாட்டினார். வேணும்னு திருடலை, ஆழ்மனசுல இருந்து வந்திருக்குன்னு ஒத்துக்கிட்டே 1976-ல நீதிபதி அவருக்கு எதிரா தீர்ப்பு கொடுத்தார். அகப்பை அடுத்த வீட்டுச் சட்டியிலயும் மொள்ளும்.

ரெண்டாவது, அது சரிதானா? இந்தப் பேச்சு வந்தா நம்ம ஊர்ல ராமானுஜன் பேரு வராம இருக்காது. நாமக்கல் நாமகிரித் தாயார் கனவுல சூத்திரம் கொடுத்தாங்கன்னு அவரே நம்பினார், அதை நான் கேலி பண்ண மாட்டேன். ஆனா பள்ளி வயசுலயே ஜி. எஸ். கார்ங்கிற ஆங்கிலேயர் எழுதின, ஆயிரக்கணக்கான சூத்திரம் இருக்கிற கணிதத் தொகுப்பை வரிவரியா போட்டுப் பார்த்தவர் அவர். சிலேட்டுல போட்டு முழங்கையால அழிச்சு, திரும்பப் போட்டவர். அப்படிப்பட்டவர் 1913-ல கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஹார்டிக்கு எழுதின கடிதத்துலயே பகா எண்கள் பத்திச் சொன்னது தப்பாப்போச்சு. உள்ளுணர்வு அங்கே சறுக்கிடுச்சு, நிரூபணம் தேடியிருந்தா அப்பவே தெரிஞ்சிருக்கும்.

கதைக்கு நிரூபணம் கிடையாதே, என்ன பண்றது? எழுதினதை மூணு நாள் மூடி வெச்சுட்டு, பகல்ல, வெறும் வயித்துல இல்லாம, படிச்சுப் பாருங்க. பெரும்பாலும் முழுக் கதை தேறாது, ஒரு காட்சி தேறும். அந்தக் கிணத்துப் பாட்டி மாதிரி. அதை மட்டும் எடுத்துக்கிட்டு மிச்சத்தை முழிப்புல எழுதுங்க. ஸ்பூன் வேலையை வாரத்துக்கு ரெண்டு மூணு தடவைக்கு மேல வேண்டாம். அதுக்கப்புறமும் ராத்திரி தூக்கம் வரத் தாமதமானா, ஸ்பூனை அடுக்களைக்கே திருப்பிக் கொடுத்துடுங்க.